பதினான்காம் மாடி, இடப்பக்கம்

நாளை காலைக்குள் பன்னிரண்டு பக்கம் வேண்டும்.
என்னிடம் இருப்பது நாற்பத்தொன்று.
குவான்ட்ஸா கட்டிலில் குப்புறப் படுத்து
பிளம் பழம் தின்றபடி
"இதை எறி, கெசோ. இது இருக்கட்டும்" என்கிறாள்.
அவள் படிப்பது பல் மருத்துவம்.
பிடுங்குவதில் தயக்கமே கிடையாது.

முதலாண்டுச் சுவரொட்டி:
ஒரு நாடகத்துக்கு ஒன்பது எழுத்துரு,
மூன்று நிழல், பின்னால் சூரிய அஸ்தமனம்.
நாடகத்தின் பெயரைத்தான்
தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.
அன்று அதன் கீழே நின்று
என்னை நானே படமெடுத்துக்கொண்டேன்.
எறி.

எங்கள் ஜார்ஜிய எழுத்தில்
பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை.
முப்பத்து மூன்றும்
ஒரே தெருவில் குடியிருப்பவை.
அரசன் பெயரும் வெங்காயமும்
ஒன்றுபோலத்தான் தொடங்கும்.
கத்த வேண்டுமென்றால்
வேறு வழி பார்க்க வேண்டும்.
இரண்டாம் ஆண்டு முழுக்க நான் பார்த்த வழி
சிவப்பு.

மூன்றாம் ஆண்டில் சிவப்பு அலுத்துப்போய்
சாம்பல் நிறத்துக்கு வந்தேன்.
ஓரத்தில் எறும்பளவு ஒரு சொல்,
மீதியெல்லாம் வெட்டவெளி.
அடக்கம் என்று நினைத்தேன்.
அதுவும் கத்தல்தான்,
வாயை மூடிக்கொண்டு.

பிறகு இது.
நுட்சுபிட்ஸே மேட்டில் எங்கள் குடியிருப்பு.
மூன்று கோபுரம், நடுவில் ஆகாயத்தில் பாலம்,
காசு போட்டால் மட்டும் நகரும் லிஃப்ட்.
புதிதாக வருகிறவர் எல்லோரும் தொலைந்துபோவார்கள்:
பார்சல்காரர், பீட்சா பையன்,
ஒரு ஜனவரியில்
எட்டாம் மாடி மாக்வாலாவுக்கு வலி எடுத்தபோது
ஸ்ட்ரெச்சரோடு வந்த இருவர்.
பிள்ளை அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.
அதன் பிறகுதான் குடியிருப்போர் சங்கம்
என்னிடம் வந்தது.
சம்பளம்: ஓராண்டுக்கு லிஃப்ட் இலவசம்.

நான்கு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன்,
யார் எங்கே நின்று விழிக்கிறார்கள் என்று,
கனத்த பை வைத்திருப்பவர்
எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறார் என்று.
கடைசியில் செய்தது
ஓர் அம்பு, ஓர் எண், இரண்டு சொல்.
யாரோ ஒருவர் செய்தது என்றே தோன்றாது.
குவான்ட்ஸாகூட ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டாள்,
"இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது?"
எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல மதிப்பெண் அது.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன்.
அம்புக்குக் கீழே
அழகுக்காக நான் விட்டிருந்த வெள்ளையில்
நீலப் பேனாவில் யாரோ:
"இரவில் விளக்கு எரியாது. கைப்பிடியை விடாதே."
முதலில் கோபம்தான்.
வரி கோணல். கடைசிச் சொல்
என் விளிம்பைத் தாண்டிச் சுவரில் ஏறியிருந்தது.
இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.
எரியவில்லை.
நான் பார்த்த நான்கு நாளும் பகல்.

பெர்லினில் ஒரு நிறுவனம்
ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது.
வாசனைப் புட்டிகளுக்கு அட்டைப்பெட்டி.
இளப்பமில்லை. நல்ல பெட்டிகள்,
மடிப்பிலே ஒரு தப்புக்கூட இருக்காது.
வேண்டாம் என்று சொல்ல
என்னிடம் பணமும் இல்லை, அவ்வளவு வீறாப்பும் இல்லை.
அனுப்பத்தான் போகிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில்
அந்தச் சுவரின் புகைப்படம், நீல மையோடு.
"கோணலாக இருக்கிறதே, நேராக்கு."
"மாட்டேன்."
"இதை யார் செய்தது என்று கேட்பார்களே?"
"பாதி நான்."
அவள் கொட்டையைக் கையில் துப்பிவிட்டு
சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
ஐந்தாண்டில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
முதலில் ஏதேதோ அடித்தேன்,
தலைமை, தனி ஸ்டுடியோ, உலகத்தரம்.
அழித்தேன்.
பிறகு எழுதினேன்:
இருட்டிய பிறகும்
ஒரு முறை போய்ப் பார்த்துவருகிற ஆளாக.
ஊர் பெயர் எழுதவில்லை. தெரியவில்லை.
கட்டத்தில் இன்னும்
இருநூறு எழுத்துக்கு இடம் மிச்சமிருந்தது.
அப்படியே விட்டேன்.